மலையை யார் வரைந்தது?

மஸ்கெலியா
03.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழையும் குளிரும் எனக்குப் பழகிவிட்டன. இந்த வருடம் சளிகூடப் பிடிக்கவில்லை. உங்கள் மூச்சிழுப்பு எப்படி? மண்ணெண்ணெய் அடுப்பை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா?

ஆகஸ்ட் விடுமுறைக்கு நான் வெள்ளவத்தைக்கு வந்தபோது அத்தான் கேட்ட சாமான் இத்துடன் வருகிறது. ஐம்பது வயது முடிவதற்குள் சிவனொளிபாதமலை ஏற வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்! "தங்கச்சி, நீ புவியியல் ரீச்சர். மலைக்குக் கீழையே குடியிருக்கிறாய். எனக்கொரு வழிப்படம் கீறித் தாவன்" என்றார். கீறிவிட்டேன். மண்ணிறக் கோடுகள் உயரம். நீலம் ஓடைகள். சிவப்புக் கோடுதான் நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குப் போகும் பாதை. தங்கி மூச்சு வாங்க வேண்டிய இடங்களுக்கும் அடையாளம் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உள்ள எண்கள், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்பது. அந்தக் கணக்கு என்னுடையதல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் ஹியூபேட் மாஸ்டர் பதினேழு தரம் ஏறியவர், அவர் சொன்னது. கலர்ப் பென்சில்களும் அவர்தான் ஹட்டனிலிருந்து வாங்கி வந்தார்.

இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. முகில் மூடிவிட்டது. காலையில் பார்த்தால் யாரோ கூம்பாகப் பிடித்து வைத்ததுபோலத் தனியே நிற்கும். டிசம்பர்ப் பௌர்ணமி, உந்துவப் போயாவோடு மலை ஏறும் பருவம் தொடங்குகிறது. அத்தானோடு நீங்களும் வாருங்கள். பிளாட்டின் மாடிப்படி ஏறுவதற்கே இரண்டு இடத்தில் நிற்கிற ஆள்தான் நீங்கள், தெரியும். சும்மா கேட்டு வைக்கிறேன்.

உங்கள் பாசமுள்ள
புனிதம்

வெள்ளவத்தை
12.11.1996

சிவமயம்

என் அருமைத் தங்கச்சிக்கு அக்கா நாகேஸ்வரி எழுதுவது. முருகன் துணையால் இங்கு ஒரு குறையுமில்லை. இழுப்பு பனிக்கு மட்டும் கொஞ்சம் வரும். அடுப்பு மாற்றியாயிற்று.

உன் படம் வந்த நாள் தொடங்கி இந்த வீட்டில் வேறு கதை கிடையாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய், தான் வேலை செய்கிற இரும்புக் கடையில் முதலாளிக்கும் காட்டி, ஆணி வாங்க வந்தவர்களுக்கும் காட்டியிருக்கிறார். காலையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையால் தெஹிவளை வரைக்கும் நடக்கிறார். கன்வஸ் சப்பாத்து வேறு வாங்கியாயிற்று. நடந்துவிட்டு வந்து உன் படத்தில் விரலை வைத்து, "இப்ப இந்திகட்டுபான தாண்டிட்டன்" என்று கதிரையில் விழுகிறார்.

கீழ்வீட்டு நளீபாவும் படத்தைப் பார்த்தா. "இது எங்கட பாவாத மலைதானே, ஆதம் நபி ஒத்தக் கால்ல நிண்ட எடம்" என்றா. இவர் விடவில்லை. "எங்களுக்குச் சிவன்ரை பாதம், நளீபா" என்றார். "சரி, அடையாளம் ஒரு காலுதானே ஈக்கி. சண்டை புடிக்காம ஏறிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

உன் கடிதத்தில் ஹியூபேட் மாஸ்டர் இரண்டு தரம் வருகிறார். முந்திய கடிதத்தில் ஒரு தரம் வந்தார். எண்ணிக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அக்கா

தங்கச்சி, படம் அபாரம். அக்காவைத் தூக்கிக்கொண்டாவது வருவேன். – அத்தான்

மஸ்கெலியா
10.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்களிடமிருந்து நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. நான் இரண்டு போட்டேன். கிடைத்தனவா? இழுப்புக் கூடிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

உந்துவப் போயா இருபத்துநான்காம் திகதி. அத்தான் எந்த ரயிலில் வருகிறார் என்று அறிவித்தால் ஹட்டனுக்கு வந்து நிற்பேன். அவருக்கு வசதிப்படாவிட்டால் பள்ளிக்கூட விடுமுறைக்கு நானே அங்கு வருகிறேன். ஒரு வரியாவது எழுதுங்கள்.

புனிதம்

வெள்ளவத்தை
19.12.1996

சிவமயம்

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். பயப்பட ஒன்றுமில்லை. அத்தானுக்குக் கடையில் வருடக் கடைசி வேலை, அதனால் இப்போது மலைக்கு வர முடியாது. நீயும் இங்கே வர வேண்டாம். உனக்கு வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவு இல்லை. சண்டைக் காலம், தமிழ் ஆள் என்றால் வழிக்கு வழி சோதனை. ஹியூபேட் மாஸ்டரும் மற்றவர்களும் இருக்கிற இடத்திலேயே இரு. இதை அக்கா சொல்கிறேன், கேட்டு நட.

வேறொரு விடயம். உன் படத்தை எனக்கு விளங்கப்படுத்தி எழுது. அந்த வட்டம் வட்டமான கோடுகள் என்ன? ஏன் சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் அகலம்? எப்படிக் கீறுவது? புவியியல் படியாத, ஐம்பது வயது ஆளுக்கு விளங்குகிற மாதிரி எழுத வேண்டும். இடங்களின் சிங்களப் பெயர்களையும் எழுது. எல்லாவற்றையும் நான் பாடமாக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே, சும்மா ஆசை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.

அக்கா

மஸ்கெலியா
26.12.1996

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்களுக்கு என் பாடத்தில் ஆசையா! நான் பல்கலைக்கழகத்துக்குப் புவியியல் படிக்கப் போனபோது "மலையும் ஆறும் அந்தந்த இடத்திலைதானே கிடக்குது, அதைப் போய் என்னத்துக்குப் படிக்கிறாய்?" என்று கேட்ட நீங்களா! சந்தோசத்தில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கவனமாகக் கேளுங்கள். ஓர் ஈரப்பலாக்காயைப் பாதியாக வெட்டி, வெட்டின பக்கம் கீழே இருக்க ஒரு பேசினில் வையுங்கள். ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் காயைத் தொடும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். இன்னொரு விரல் தண்ணீர், இன்னொரு கோடு. காய் மூடும் வரைக்கும் இப்படியே. பிறகு தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு நேர் மேலே இருந்து பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியும். அவைதான் சமவுயரக் கோடுகள். ஒரு கோட்டின்மேல் எங்கே நின்றாலும் ஒரே உயரம். காய் செங்குத்தாக இறங்கும் பக்கம் கோடுகள் நெருங்கும். சரிவு மெதுவாக இருந்தால் விலகும். ஒன்றையொன்று ஒருபோதும் வெட்டாது, ஏனென்றால் ஓர் இடம் இரண்டு உயரத்தில் இருக்க முடியாது. என் பிள்ளைகள் எல்லாரும் பிழை விடுகிற இடம் அதுதான்.

பாதை நல்லதண்ணியில் தொடங்கும். தேயிலைக்குள்ளால் போய், தாதுகோபம் என்கிற வெள்ளைப் புத்த தூபி தாண்டி, சீத கங்குல என்கிற குளிர்ந்த ஓடை. பிறகு இந்திகட்டுபான, அங்கே சிங்கள ஆட்கள் ஊசியில் நூல் கோத்துப் பாதை நெடுக இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு மேலே மஹகிரிதம்ப, கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். உச்சி ஏழாயிரத்து முந்நூற்று அறுபது அடி. நாட்டின் உயர்ந்த மலை இதுவல்ல, பிதுருதலாகலை. ஆனால் இது தனித்து நிமிர்ந்து நிற்பதால் கப்பலில் வந்தவர்கள் கண்ணுக்கு முதலில் பட்டது இதுதான்.

அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஓர் அராபியப் பயணி ஏறியிருக்கிறார். பாறையில் அடித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தால் தலைசுற்றும் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போது இரண்டு வழியாம். ஆதமின் பெயரால் அப்பா பாதை, ஏவாளின் பெயரால் அம்மா பாதை. அம்மா பாதை இலேசு. ஆனால் அதால் ஏறியவனை ஏறியதாகவே கணக்கெடுக்க மாட்டார்களாம்! நீங்கள் வந்தால் அம்மா பாதையைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போவேன், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். கண்டி இராச்சியம் விழுந்த வருடம் ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் சிப்பாய்களோடு ஏறி, உச்சியில் நின்று மூன்று தரம் துவக்கு வெடிக்க வைத்தாராம். அங்கிருந்த பிக்குமார் திகைத்துப் போனார்களாம்.

கை வலிக்கிறது, அக்கா. ஆனால் இன்னும் கேளுங்கள்.

உங்கள் ரீச்சர்
புனிதம்

வெள்ளவத்தை
04.01.1997

சிவமயம்

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். ஈரப்பலாக்காய் வைத்துப் பார்த்தேன். நளீபாவும் பக்கத்தில் இருந்தா. விளங்கிவிட்டது. நீ நல்ல ரீச்சர், புனிதம். அதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

இனி எழுதும்போது பாடத்தை மட்டும் எழுது. அந்த லெப்டினன்ட் கதை மாதிரி துவக்கு, வெடி ஒன்றும் வேண்டாம். கடிதத்தை நளீபாவின் பெயருக்குப் போடு. இரண்டு சந்தேகம். உச்சியில் முக்கோணம் ஏன்? ஓடைகள் வருகிற இடத்தில் மண்ணிறக் கோடு ஏன் வளைகிறது?

அக்கா

மஸ்கெலியா
11.01.1997

அன்புள்ள அக்காவுக்கு,

முக்கோணம், நில அளவைக்காரர் உச்சியில் கருவி வைத்து அளந்த இடத்தின் அடையாளம். எல்லாத் தேசப்படத்திலும் அப்படித்தான். ஓடை வரும் இடத்தில் கோடு உச்சியை நோக்கி உள்ளே மடங்கும். வெளியே மடங்கினால் அது பள்ளமல்ல, மேடு.

பாடம் முடிந்தது. இப்போது நான் கேட்கிறேன். உங்கள் கடிதங்களின் அடியில் அத்தான் எப்போதும் எழுதும் இரண்டு வரி எங்கே? வருடக் கடைசி முடிந்து பதினொரு நாள் ஆகிறது. ஏன் நளீபா அக்காவின் பெயருக்குப் போட வேண்டும்? உங்கள் எழுத்து ஏன் இப்படிச் சரிந்து கிடக்கிறது? ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது?

எனக்கு முப்பத்தெட்டு வயது, அக்கா. இன்னும் என் தலையைத் தடவி அந்தப் பக்கம் போய் விளையாடு என்று சொல்லாதீர்கள்.

புனிதம்

786
வெள்ளவத்தை
19.01.1997

அன்புள்ள தங்கச்சி புனிதத்துக்கு, கீழ்வீட்டு நளீபா எழுதுறது. அல்லாஹ் ஒங்கள நல்லா வைக்கோணும்.

ஒங்களுக்குச் செல்லப்படாதுண்டு ஒங்கட அக்கா என்னட்டச் சத்தியம் வாங்கின. நான் வாயால செல்ல மாட்டேண்டுதான் சத்தியம் பண்ணின. எழுத மாட்டேண்டு செல்லல்ல. நோன்பு மாசத்தில பொய்ய நெஞ்சில வெச்சுக்கொண்டு என்னால ஈக்க ஏலாது.

ஒங்கட அத்தான், சிறி அண்ணன், வீட்டுல இல்ல. நவம்பர் இருபத்தாறு கொட்டாஞ்சேனையில ஈந்து வரக்குள்ள பொலிஸ் பஸ்ஸ நிப்பாட்டிச் சோதிச்ச. சட்டப் பையில ஒங்கட படம். கலர்க் கோடு, நம்பரு, முக்கோணம். "எந்த எடத்துப் படம் இது, யாரு கீறின?" எண்டு கேட்ட. அண்ணன் "மலைக்குப் போற வழி, நான்தான் கீறின" எண்டு செல்லிட்டாரு. ஒங்கட பேரச் செல்லல்ல. யாழ்ப்பாணத்தில பொறந்த பொம்புளப் புள்ள, தனிய ஈக்கிறா, அவவக் கொண்டு வந்தா என்ன நடக்குமெண்டு அவருக்கு யோசின. மூணு மாசத் தடுப்பு ஓடர் போட்டிட்டாங்க.

விசாரிக்கிற பொலிஸ் பெரியவருக்குப் படம் வாசிக்கத் தெரியும். "நீ கீறினதெண்டா விளங்கப்படுத்து" எண்டாரு. அண்ணனுக்கு ஒண்டும் தெரியா. இன்னொண்டு கீறச் சொல்லி, கோடு ரெண்டு ஒண்ட ஒண்டு வெட்டிட்டுதாம். "உண்மையாக் கீறினவன் யாரு?" எண்டு அண்டைக்கு நல்லா நெருக்கிட்டாங்க. அதுக்குப் பொறகுதான் ஒங்கட அக்கா ஒங்களுக்கு எழுதின. ஞாயித்துக்கெழம பத்து நிமிசம் பாக்க விடுவாங்க. கடதாசி கொண்டு போக ஏலாது. அவ பாடமாக்கிட்டுப் போய்ச் செல்லுவா. பக்கத்தில நிக்கிற பொலிஸ் கொஸ்தாப்பலுக்கு நான் சிங்களத்தில செல்லுவேன், மலைக்கு நேத்தி வெச்சதப் பத்திக் கதைக்கிறாண்டு. ஈரப்பலாக்காய்க் கதையச் செல்லக்குள்ள அண்ணனுக்கு அழுவையும் சிரிப்பும் வந்திச்சு.

பெப்ரவரி அஞ்சு கடேசி விசாரணை. முழுப் படத்தையும் அவங்களுக்கு முன்னால கீறோணும். அவரால ஏலாது தங்கச்சி. ரெண்டு பேரும் ஒங்கள மறைக்கிறாங்க. மறைக்க மறைக்க அது பெரிய விசயம்போலத் தெரியுது. வாரதும் வராததும் ஒங்கட இஷ்டம்.

நளீபா

மஸ்கெலியா
23.01.1997

அக்கா,

நளீபா அக்கா எழுதிவிட்டா. அவவோடு கோபிக்க வேண்டாம்.

கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்பில் சுவரோடு சாய்ந்து நின்றேன். கரும்பலகையில் அதே மலை, அதே கோடுகள். நீங்கள் ஆசையில் படிக்கிறீர்கள் என்று நான் குதித்துக் குதித்து எழுதிய ஒவ்வொரு வரியையும் நீங்கள் எந்த மனத்தோடு பாடமாக்கியிருப்பீர்கள்! சிப்பாய்கள் வெடி வைத்த கதையை நான் எழுதியபோது அத்தான் எங்கே இருந்தார்!

உங்களோடு எனக்குக் கோபம்தான். இப்படி ஒரு விடயத்தை இருவரும் சேர்ந்து என்னிடமிருந்து பூட்டி வைக்கலாமா? பிள்ளை இல்லாத வீட்டில் என்னைப் பிள்ளையாக வளர்த்தீர்கள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள். என் முதல் சப்பாத்து வாங்கித் தந்தது அத்தான். அந்தக் கடனையெல்லாம் நான் எப்போது தீர்ப்பது?

நான் வருகிறேன். நான்காம் திகதி ரயிலில். பயப்பட வேண்டாம், தனியே இல்லை. ஹியூபேட் மாஸ்டர் கூட வருகிறார். நான் கேட்கவில்லை. "நிமிசக் கணக்குச் சொன்னது நான்தானே, அதுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்" என்றார். அதிபரின் கடிதம், பாடத்திட்டப் புத்தகம், நாற்பத்திரண்டு பிள்ளைகள் இதே மலையைக் கீறிய கொப்பிகள், எல்லாம் கட்டியாயிற்று.

வர வேண்டாம் என்று தந்தி அடித்தால் கிடைக்கவில்லை என்று சொல்வேன்.

புனிதம்

மஸ்கெலியா
07.02.1997

அன்பு அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வாசலில் உங்கள் கையை இரண்டு நிமிடம் பிடித்ததுதான். உள்ளே நடந்ததைச் சொல்லவே முடியவில்லை. உங்களையும் நளீபா அக்காவையும் வெளியே மறித்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் விட்டார்கள். ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

அத்தானைக் கொண்டு வந்து ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். மெலிந்துதான் போனார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. பெரியவர் "இவ யார்?" என்று கேட்டார்.

"தெரியாது, சேர். இந்த ஆளை நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றார் அத்தான்.

நான் அழுதுவிட்டேன். "என்ரை அத்தான், சேர். படம் கீறினது நான்தான். நான் ரீச்சர்" என்றேன். ஹியூபேட் அதைச் சிங்களத்தில் சொன்னார். அத்தான் திரும்பத் திரும்ப "இல்லை சேர், அவவை வெளியிலை விடுங்கோ" என்றுகொண்டே இருந்தார்.

பெரியவர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் முன்னால் தள்ளினார். எடுத்துக்கொண்டேன். உச்சியில் முக்கோணத்தைப் போட்டுத் தொடங்கினேன். இந்த மலையை நான் வருடத்துக்கு மூன்று தரமாவது கரும்பலகையில் கீறுகிறவள் அல்லவா. இருபது நிமிடத்தில் முடித்தேன். அவர் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கொப்பிக் கட்டை அவிழ்த்தார். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு மலை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிழை. ஒரு கொப்பியில் நின்றுவிட்டார்.

"உச்சியிலை என்னத்துக்கு நாய்?"

"அந்தப் பிள்ளை ஏறினப்போ ஒரு நாய் முன்னுக்குப் போச்சாம், சேர். அதையும் போட்டுட்டா" என்றார் ஹியூபேட்.

"இந்த எண்கள்?"

"நிமிசம். என் நடைக் கணக்கு. இப்ப வயசு போச்சு, சேர். அஞ்சு நிமிசம் கூட்டிக்கலாம்."

பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் அத்தான் வாங்கிலிருந்து எட்டி என் தாளைப் பார்த்தார். மெதுவாக என்னிடம் சொன்னார்: "ஓ... ஓடைக்குப் பக்கத்திலை கோடு உள்ளுக்கெல்லோ மடங்கோணும். நான் வெளியிலை மடக்கிப்போட்டன், தங்கச்சி."

"முதல்லை எல்லாரும் அப்பிடித்தான் அத்தான் மடக்கிறது" என்றேன்.

அறிக்கை அனுப்புவதாகச் சொல்லி எங்களை வெளியே விட்டார்கள். என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

புனிதம்

வெள்ளவத்தை
18.02.1997

சிவமயம்

என் செல்லத் தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் என் தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அத்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்துவிட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, போ என்று விட்டார்களாம். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நளீபா வாசலில் தண்ணீர் வைத்தா, நான் கால் கழுவிவிட்டேன்.

வந்துவிட்டார் என்பதை மட்டும் எழுதி நிறுத்தினால் நீ மறுபடி கோபிப்பாய். ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறேன். அதிகம் கதைக்கிறார் இல்லை. கட்டிலில் படுக்கிறார் இல்லை, நிலத்தில்தான். நேராக நடக்கக் கஷ்டப்படுகிறார். முதுகில் எண்ணெய் பூச விடுகிறார் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். முதலாளி வேலையை வைத்திருக்கிறார், ஆனால் வாசல் தாண்ட மாட்டேன் என்கிறார். மலையைப் பற்றி நளீபா ஏதோ சொல்லத் தொடங்க, எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

நான் உனக்கு மறைத்தது பிழைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்தவுடனே அவர் கேட்கிற முதல் கேள்வி, "புனிதத்துக்குத் தெரியாதுதானே?" நான் "தெரியாது" என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்கு நிம்மதி தந்தது அந்த ஒரு சொல்தான். அதை எப்படிப் பறிப்பேன்? உன்னைக் கொடுத்து அவரை எடுப்பதா, அவரைக் கொடுத்து உன்னை வைத்திருப்பதா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். எந்தப் பக்கம் போனாலும் நான் பாவிதான். நீ வந்துதான் அந்தக் கணக்கைக் கிழித்தாய்.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லு. அன்றைக்கு வெளியே மழை தூறியபோது அந்த மனிதர் தன் தலை நனைய உனக்கும் கொப்பிக் கட்டுக்கும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வேதக்காரர், நம் ஊர் இல்லை, எல்லாம் தெரியும். கடிதத்தில் "மாஸ்டர்" விழுந்துபோய் வெறும் "ஹியூபேட்" ஆனதும் தெரியும். உனக்குச் சம்மதமென்றால் எங்களுக்கும் சம்மதம். அத்தானிடம் கேட்டேன். வந்ததற்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழு வசனம் அதுதான்: "நல்ல மனுசன், விட்டிடாதை எண்டு எழுது."

அக்கா

மஸ்கெலியா
19.04.1997

சிவமயம்

அன்புள்ள நளீபாவுக்கு நாகேஸ்வரி எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் திறப்புக் கொத்தையும் பூச்சாடிகளையும் உங்களிடம் விட்டு வந்து ஒரு கிழமையாகிறது. நாங்கள் சுகம். இந்தக் கடிதம் நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஓம், ஏறினோம். நானும் ஏறினேன்.

புறப்பட்டது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் வாசல் தாண்டாத மனிதர். கடைசியில் நான்தான், "நீங்கள் வராட்டி இருங்கோ. நான் நேர்த்தி வைச்சனான், தனியப் போறன்" என்று பையைத் தூக்கினேன். இழுப்புக்காரியைத் தனியே விட அவருக்கு மனமில்லை. பின்னால் வந்தார். ஹட்டனில் சோதனைக்கு இறக்கியபோது அவர் என் கையை விடவே இல்லை. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், தந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

எல்லாரும் சூரிய உதயத்துக்கு ஏறுவார்கள். எனக்கு இருட்டும் குளிரும் ஆகாது என்று ஹியூபேட் விடிந்த பிறகு கூட்டிப்போனார். பத்துப் படிக்கு ஒரு தரம் இருந்தேன். நான் இருந்த இடத்தில் இவரும் இருந்தார். புனிதம் முன்னுக்கு, ஹியூபேட் பின்னுக்கு. இந்திகட்டுபான தாண்டிக் கம்பி பிடித்து ஏறுகிற இடத்தில், ஒரு சிங்கள அம்மா படியில் உட்கார்ந்துவிட்டா. எழுபது வயது இருக்கும். மகன் பெரிய ஆள், ஆனாலும் அவரால் தனியே தூக்க முடியவில்லை. அந்த இடுக்கில் ஹியூபேட்டால் முன்னுக்கு வர முடியாது. பக்கத்தில் நின்றவர் இவர்தான்.

குனிந்து அந்த அம்மாவின் மற்றக் கையைத் தன் தோளில் போட்டார். இரண்டு பேருமாக ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு இழுக்கிறதென்பதே மறந்துவிட்டது.

உச்சியில் வெயில். கண்ணுக்கெட்டிய மட்டும் மலை மலையாகக் கீழே கிடந்தது. அந்த மகன் மூச்சு வாங்கிக்கொண்டு, "அய்யே எந்த ஊர்?" என்று அண்ணன் முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"வெள்ளவத்தை" என்றார் இவர்.

"நானும் அங்கை ஆறு மாசம் நிண்டனான். சோதனைச் சாவடியிலை."

அப்படித்தான் சொன்னார், நளீபா. இவர் அந்த ஆளின் முகத்தையே பார்த்தார். அந்த ஆளும் இவரைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, தலையைக் குனிந்துகொண்டார். இவர் "ஓம்" என்று மட்டும் தமிழில் சொன்னார். அந்த அம்மாவுக்கு இதொன்றும் தெரியாது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து இவர் வாயில் வைத்து, தலையில் கையை வைத்து, "புதே, தீர்க்காயுசாக இரு" என்கிற மாதிரி ஏதோ சொன்னா. மகனே என்று இவரைக் கூப்பிட்டு எத்தனை வருடம்! கருப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டே இவர் அழத் தொடங்கினார். உள்ளே இருந்த நாள் முழுக்க வாய்விட்டு அழாதவர், வந்த பிறகும் அழாதவர். புனிதம் கிட்டப் போகப் பார்த்தா, நான் மறித்துவிட்டேன். அழட்டும் என்று விட்டோம். அந்த ஆள் தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போத்தலில் இருந்த தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்தார். இவர் வாங்கிக் குடித்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதவில்லை. நேற்றும் ஒரு லொறிச் சத்தத்துக்கு எழுந்து நின்றார். ஆனால் நேற்று முன்தினம் முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து இருந்து, "எண்ணெய் பூசிவிடன் நாகேஸ், நோகுது" என்றார். பூசினேன். ஒவ்வொரு தழும்பாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டேன். இத்தனை மாதம் அவர் சுமந்ததில் பாதி இப்போது என்னிடம் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, நளீபா.

ஜூன் மாதம் புனிதத்துக்கும் ஹியூபேட்டுக்கும் கலியாணப் பதிவு. நீங்கள் வராமல் நடக்காது. இப்போது இரண்டு பேரும் குசினியில் குழம்புக்கு உப்புக் காணும், காணாது என்று பிடுங்குப்படுகிறார்கள். இவர் நடுவில் கதிரை போட்டு இருந்துகொண்டு இரண்டு பக்கமும் தூண்டிவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை வந்து சேருவோம். புதன்கிழமை தான் வேலைக்குப் போவதாக இவர் சொல்கிறார். கொட்டாஞ்சேனை வரைக்கும் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன். முதல் நாள் மட்டும்.

உங்கள்
நாகேஸ்வரி